பட்டத்துக்கு முன் வீடு – 9: உலைக்களத்துக்குப் பக்கத்தில்

வகுப்பில் உட்கார்ந்து படிக்கும் முதுகலையா, ஆய்வு செய்து எழுதும் முதுகலையா? அதை முடிவு செய்யாமல் வீடு தேடாதீர்கள் என்று சென்ற வாரம் சொன்னேன். இந்த வாரம் பினாங்கு அறை வாடகைக் கணக்கு போடுவதாக இருந்தது. அதற்குள் சுங்கை பத்து தொல்லியல் தளம் குறுக்கே வந்துவிட்டது.

கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து செமிலிங், மெர்போக் பக்கம் போனால் செம்பனைகளுக்கு நடுவே இருக்கிறது அந்த இடம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் அங்கே தோண்டிவருகிறது. இரும்பு உருக்கிய உலைகள், செங்கல் கட்டுமானங்கள், படகுத் துறைகள் எல்லாம் வெளிப்பட்டன. எனக்குப் பித்துப் பிடிக்கவைத்தது காற்றுக் குழாய். துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்தச் சுட்ட களிமண்ணில் செய்தது, நடுவே துளை. நெருப்பைத் தொட்ட முனையில் மண்ணே உருகிக் கண்ணாடி போலப் பளபளக்கும். உடைந்ததை வீசிவிட்டுப் புதிதைச் செருகியிருக்கிறார்கள். அப்படி வீசியவையும் இரும்புக் கசடும் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் இந்தக் கடாரத்துக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே உலை எரிந்திருக்கிறது. எத்தனை நூற்றாண்டு என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. தீராத வழக்குதானே ஆய்வுக்குத் தலைப்பு!

ஆனால் பீடோங் பக்கத்து நம் வீடுகளில் என்ன நடக்கிறது? தொல்லியல் படிக்கிறேன் என்று மகள் சொன்னதும், "பினாங்குலயே ரூம் பாரும்மா, அங்க இருந்தாதான் படிப்பு ஏறும்" என்கிறார் அப்பா. பல்கலைக்கழகம் பினாங்கின் மிண்டனில் இருப்பது உண்மை. தோண்டும் குழியோ பீடோங்கில் இருக்கிறது. ஆய்வுவழிப் படிப்பில் மேற்பார்வையாளரைப் பார்க்கவும் ஆய்வுக்கூடத்துக்கும்தான் மிண்டனுக்குப் போகவேண்டும். சுங்கை பட்டாணியில் கொமுட்டர் ரயில் ஏறி பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரி, பிறகு பஸ். அலுப்புத்தான், ஆனால் தினசரி அலுப்பு இல்லை. 2001-இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்துக்காக வெளியூர்ப் பிள்ளைகள் இந்த வட்டாரத்துக்கு வந்து தங்கிப் படிக்கிறார்கள். நம் பிள்ளைகள் மட்டும் கையருகே இருப்பதை விட்டுவிட்டு ஏன் ஓடவேண்டும்?

பக்கத்தில் இருப்பதற்கு வேறொரு பயனும் உண்டு. தொல்லியலாளர் குவாரிச் வேல்ஸ் 1930களில், சுங்கை பத்து இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கின் இடிபாடுகளுக்கு எண் போட்டார். அவற்றில் பதினோராம் எண் சண்டி (பழங்கோயில் இடிபாடு), வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது தரைமட்டமானது. 2013-இல் செய்தி வெளியானபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த வழியே நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் போகிற ஓர் ஆய்வு மாணவர் இருந்திருந்தால், மண்வாரி இறங்கிய அன்றே நாலு பேருக்குப் போன் போயிருக்கும். இதை எழுதும்போதும் மனம் கொதிக்கிறது.

எல்லாருக்கும் பீடோங் பொருந்தாது. தமிழாய்வு என்றால் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை இருக்கும் கோலாலம்பூரை யோசிக்கலாம். நிர்வாகவியலுக்கு வட மலேசியப் பல்கலைக்கழகம் என்றால் சிந்தோக் எல்லைப்புறக் காடு, விடுதியில் இடம் கிடைப்பதே நல்லது. வாரம் முழுக்க வகுப்பு என்றாலும் வளாகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கவேண்டும்.

வாடகைக் கணக்கு அடுத்த வாரம். அதற்குள் மேற்பார்வையாளருக்கு எழுதும் மின்னஞ்சலில் மாதத்துக்கு எத்தனை நாள் நேரில் வரவேண்டும் என்று கேட்டுவிடுங்கள். பதில் கைக்கு வரும்வரை எந்த அறைக்கும் முன்பணம் கட்டவேண்டாம்.