ஒரு கடிதமும் ஒரு கடனும்

1862இல் எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் தெவோத்ரோஸ் விக்டோரியா மகாராணிக்கு ஒரு கடிதம் எழுதினார். நட்பு வேண்டும், துருக்கியரை எதிர்க்கத் துணை வேண்டும் என்று கேட்டிருந்தார். கடிதம் லண்டன் போய்ச் சேர்ந்தது. அங்கே யாரும் அதற்குப் பதில் எழுதவில்லை. காத்துக் காத்துச் சினமேறிய பேரரசர், 1864 ஜனவரியில் பிரிட்டிஷ் கன்சல் சார்லஸ் கேமரனைச் சங்கிலியில் பிணைத்தார். மதபோதகர்கள் முதலான வேறு ஐரோப்பியர்களும் கைதிகளாயினர். அதன் பிறகுதான் மகாராணியின் பதில் புறப்பட்டது. அதைக் கொண்டுவந்த தூதர் ஹொர்முஸ்த் ரசாமும் 1866இல் கைதியானார்.

நூறாண்டு கழித்து, 1970களில், ஈரானின் ஷா 1,500க்கும் மேற்பட்ட சீஃப்டன் டாங்கிகளுக்காகப் பிரிட்டனிடம் பணம் கட்டினார். 1979 புரட்சியில் ஷாவின் ஆட்சி வீழ்ந்தது. பெரும்பாலான டாங்கிகள் போய்ச் சேரவில்லை; பணமும் திரும்பவில்லை. வழக்குகளிலும் பொருளாதாரத் தடைகளிலும் சிக்கி அந்தக் கடன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 2016 ஏப்ரலில், பெற்றோரைப் பார்த்துவிட்டு லண்டன் திரும்பவிருந்த பிரிட்டிஷ்-ஈரானியரான நாசனின் ஸகாரி-ராட்க்ளிஃப் தெஹ்ரான் விமான நிலையத்தில் கைதானார். உடன் இருந்த மகளுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தார் என்றது ஈரான். பழைய டாங்கிக் கடனுக்குத்தான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவந்தார் அவருடைய கணவர்.

ஆளைப் பிடித்து வைத்துக் காரியம் சாதிப்பது எந்தக் காலத்திலும் குற்றம்தான். ஆனால் இரண்டு கதைகளிலும் அந்தக் குற்றத்துக்கு முன்னால் பிரிட்டன் செய்யாமல் விட்ட கடமை ஒன்று இருக்கிறது. ஒற்றுமை அவ்வளவுதான். மீட்கப் போன வழியில் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய தூரம்.

அன்று வழி ஒன்றே: படை. 1867இல் பம்பாய்ப் படையின் தலைமைத் தளபதி ராபர்ட் நேப்பியரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 13,000 பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்கள், அவர்களைவிட அதிக எண்ணிக்கையில் சுமையாட்களும் ஏவலர்களும், பல்லாயிரம் விலங்குகள், பீரங்கி சுமக்க இந்தியாவிலிருந்து 44 யானைகள் எனச் செங்கடல் கரையில் சூலாவில் வந்திறங்கின. கரையில் இறங்குதுறை கட்டினார்கள், ரயில் பாதை போட்டார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினரும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். அங்கிருந்து மக்தலா மலைக்கோட்டை சுமார் 640 கிலோமீட்டர். 20 லட்சம் பவுண்டில் முடியும் என்று கணக்கிட்டிருந்த செலவு 90 லட்சத்தை நெருங்கியது. இந்தியச் சிப்பாய்களின் வழக்கமான சம்பளம் மட்டும் இந்திய வரிப்பணத்தின் மேல் விழுந்தது. யாரோ இருவருக்கிடையில் நின்றுபோன கடிதப் போக்குவரத்துக்கு இந்திய உழவர் பணம் கட்டியதைப் பிற்பாடு இந்தியத் தலைவர்கள் கேள்வி கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது.

படையின் மிரட்டல் பலித்ததா என்றால், பலித்தது. 1868 ஏப்ரல் 10 அன்று அரோகே சமவெளியில் நடந்த மோதலில் எத்தியோப்பியர் நூற்றுக்கணக்கில் மடிந்தனர். பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அடுத்த இரண்டு நாட்களில் தெவோத்ரோஸ் ஐரோப்பியக் கைதிகளை உயிரோடு அனுப்பிவைத்தார். சமாதானம் வந்துவிடும் என்று நம்பினார். எந்தக் கைதிகளுக்காகப் படை வந்ததோ அவர்கள் கைக்கு வந்தபின்னும் படை நிற்கவில்லை. நிபந்தனையற்ற சரணடைதல் வேண்டும் என்றார் நேப்பியர். ஏப்ரல் 13 அன்று கோட்டை தாக்கப்பட்டது. பேரரசர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். கோட்டை கொள்ளையிடப்பட்டுக் கொளுத்தப்பட்டது. கொள்ளைப் பொருளைச் சுமந்துவர 15 யானைகளும் ஏறத்தாழ 200 கோவேறு கழுதைகளும் தேவைப்பட்டன. பேரரசரின் ஏழு வயது மகன் அலெமாயெஹுவை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1879இல், 18 வயதில், அங்கேயே இறந்தான்.

அந்த மலையில் வேறு கைதிகளும் இருந்தார்கள். படை நெருங்கிய நாட்களில், உள்நாட்டுக் கைதிகள் பலரைப் பேரரசர் மலைச்சரிவில் தள்ளிக் கொல்லச் செய்தார். அவர்களை மீட்க யாரும் யானை அனுப்பவில்லை. வெற்றிக் கதையாக இந்தப் படையெடுப்பைச் சொல்பவர்கள் இவர்களை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

சரியாக நூறாண்டு கழித்து, 1968 ஜனவரியில், பியூப்ளோ என்ற அமெரிக்க உளவுக் கப்பலை வடகொரியா பிடித்தது. ‘எண்டர்பிரைஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் ஜப்பான் கடலுக்கு விரைந்தது. போய் நின்றதோடு சரி. 82 மாலுமிகள் பதினொரு மாதம் கழித்து, அமெரிக்கத் தளபதி ஒருவர் மன்னிப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிறகே வந்தார்கள். கையெழுத்திடும் முன்பே, அதில் உள்ளது உண்மையல்ல என்று அவர் வாய்விட்டுச் சொன்னார். வடகொரியா அதையும் ஏற்றுக்கொண்டது. 1980 ஏப்ரலில், தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தில் பிடிபட்ட கைதிகளை மீட்கப் போன அமெரிக்கர்களில் எட்டுப் பேர் ஈரானியப் பாலைவனத்தில் மாண்டார்கள். 52 கைதிகளும் 444 நாள் கழித்து, அல்ஜீரியா நடுநின்று பேசி முடித்த உடன்பாட்டால் வந்தார்கள். ஈரானின் உள்விவகாரத்தில் தலையிட மாட்டோம் என்ற அமெரிக்க உறுதிமொழியே அந்த உடன்பாட்டின் முதல் அம்சம்.

போர்க்கப்பல்கள் இன்றும் போகின்றன. 2019 ஜூலையில் ஜிப்ரால்டர் அருகே ஈரானிய எண்ணெய் ஏற்றிய கப்பலைப் பிரிட்டன் பிடித்தது. இரண்டு வாரத்தில் ஹோர்முஸ் நீரிணையில் பிரிட்டிஷ் கொடி பறந்த ஸ்டெனா இம்பெரோ என்ற கப்பலை ஈரான் பிடித்தது. பிரிட்டன் கூடுதல் போர்க்கப்பலை அனுப்பியது. அதற்காக யாரும் யாரையும் சுடவில்லை. முதலில் ஒரு கப்பல், பின்னர் மற்றது என இரண்டும் விடுபட்டன. ஸ்டெனா இம்பெரோவில் இருந்த 23 மாலுமிகளில் 18 பேர் இந்தியர். அன்று மீட்கப் போன படையில் சம்பளத்துக்கு நடந்தவர்கள் இந்தியர்கள். இன்று பிடிபட்ட கப்பலில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களும் இந்தியர்களே.

நாசனின் 2022 மார்ச் 16 அன்று விடுதலையானார். அதே சமயத்தில் 39 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட பழைய கடனைப் பிரிட்டன் ஈரானுக்குச் செலுத்தியது. கேமரன் நான்கு ஆண்டுக்குச் சற்று மேல் கைதியாக இருந்தார். நாசனின் ஏறத்தாழ ஆறு ஆண்டு. அவருடைய மகள் தாயை விட்டு வளர்ந்தாள். கணவர் வெளியுறவு அலுவலக வாசலில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஆனால் எந்த ஊரும் எரியவில்லை, யாருடைய பிள்ளையையும் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. அன்று மீட்பின் விலையை யாரையும் சிறைபிடிக்காத எத்தியோப்பியரும் இந்தியரும் கொடுத்தார்கள். இன்று அதைக் கைதியே தம் ஆயுளிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். இரண்டில் இன்றைய வழியே மேல் என்று தயங்காமல் சொல்வேன். அந்தக் கடனை 2016க்கு முன்பே தீர்த்திருக்கலாம் என்பதையும் அதே உறுதியோடு சொல்வேன்.

இந்த வழிக்கும் ஒரு பின்விளைவு உண்டு. 2023 செப்டம்பரில் ஐந்து அமெரிக்கர்கள் ஈரானிலிருந்து வந்தபோது, தென்கொரியாவில் முடங்கியிருந்த ஈரானின் 600 கோடி டாலர் கத்தாருக்கு மாறியது. 2025 ஜனவரியில், மோட்டார் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பிய ஒரு பிரிட்டிஷ் தம்பதி ஈரானில் கைதானார்கள். உளவு பார்த்ததாகக் குற்றம் சுமத்தினார்கள். அவர்களுக்காக எந்தப் படையும் கிளம்பவில்லை. கொடுத்துத் தீர்க்க அந்தப் பழைய கடனும் இப்போது பாக்கியில்லை.