உம்மம்மா தானே போட்டுப் பார்க்கட்டும்



நம் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. காத்தான்குடியோ, ஏறாவூரோ, ஓட்டமாவடியோ, பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் வழங்காமல் போன உம்மா மகளின் பொறுப்பில்தான் இருப்பார். நாள் முழுவதும் அவர் என்ன செய்கிறார்? முகட்டைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். அறையில் டீவி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறதுதான். ஆனால் போடவும், மாற்றவும், நிறுத்தவும் ஆளைக் கூப்பிட வேண்டுமே! குசினியில் நிற்கும் மகளை நாலாவது தடவை கூப்பிட வெட்கப்பட்டே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பிறர் கையைப் பார்த்திருப்பவருக்குத் தன் கையால் செய்ய ஒரு காரியமாவது வேண்டாமா?

இதற்கென்று விலை கூடிய ஸ்மார்ட் டீவி வாங்காதீர்கள். பட்டியலுக்குள் பட்டியலாகத் திறக்கும் அது சுகமானவர்களையே தடுமாற வைக்கும். பழைய டீவியோடு இணைக்கும் சிறிய மீடியா பிளேயர் பெட்டியும் ஒரு பென்ட்ரைவும் போதும். கடைக்காரரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: மின்சாரம் கொடுத்ததும் படம் தானாக ஓடுமா, முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து வருமா? வாயால் சொன்னால் போதாது, ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது ரிமோட். அதில் நாற்பது பொத்தான்கள் எதற்கு? ஓட்ட ஒன்று, அடுத்ததற்குப் போக ஒன்று. இரண்டையும் விட்டு மற்றவற்றைத் தடித்த மட்டை வைத்து டேப்பால் மூடிவிடுங்கள். அந்த இரண்டின் மேலும் சட்டைப் பொத்தானை ஒட்டினால் விரல் தடவியே கண்டுபிடிக்கும். இலாஸ்டிக் பட்டியால் வழங்கும் கைப்பக்கம் கட்டிலில் கட்டிவிட்டால் கீழே விழாது. அதையும் அழுத்த முடியாதவருக்கு, 2012இல் இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி உதவும். அதில் உள்ளங்கையளவு பொத்தான் பூட்டலாம். 3.3 வோல்ட்தான், கையில் மின்சாரம் அடிக்கும் பயமில்லை. கணினி படிக்கும் மருமகன் யாராவது வீட்டில் இருந்தால் அவரிடம் ஒப்படையுங்கள். கரண்ட் திடீரென்று போனால் அதன் மெமரி கார்ட் பழுதாகக்கூடும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

மூளையின் வலப்பக்கம் தாக்கப்பட்டவர்களில் பலர் இடப்பக்கத்தில் உள்ளதைக் கவனிக்கமாட்டார்கள். கண் பழுதில்லை, மூளைதான் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்வதில்லை. எனவே டீவியை எந்தப் பக்கம் வைப்பது என்று கிளினிக்குக்குப் போகும்போது பிசியோதெரபி செய்பவரிடம் கேளுங்கள்.

எதைப் போடுவது? இங்கேதான் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததை நிரப்பிவிடுவார்கள்! அவரையே கேளுங்கள். பேச்சு வராவிட்டால் ஒவ்வொன்றாக ஓட்டி முகத்தைப் பாருங்கள். கட்டாரில் இருக்கும் பேரன், “உம்மம்மா, நான்தான்” என்று பெயர் சொல்லித் தொடங்கும் ஐந்து நிமிடம் ஒரு மணி நேர நாடகத்தைவிட மேல். வாவியில் வலை வீசிய வாப்பா என்றால், சுபஹுக்குப் பிறகு ஆற்றங்கரையில் நின்று தோணிகள் வருவதைக் கைத்தொலைபேசியை வாட்டமாகப் பிடித்து எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றும் சிறியதாக இருக்கட்டும். பல பென்ட்ரைவ்களில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறவும் மாட்டாது.

பழைய கல்யாண வீடியோ கசட் அலுமாரியில் கிடக்கிறதா? தாமதிக்காதீர்கள். கடைசிவரை விஎச்எஸ் பிளேயர் செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. பெண்கள் பகுதிப் படத்தை வெளியாரிடம் கொடுக்க உங்களுக்கு மனம் வராது, நியாயம்தான். பழைய பிளேயரையும் கணினியையும் இணைக்கும் சிறு கருவி இருக்கிறது, வீட்டிலேயே பிரதி எடுக்கலாம். ஆனால் வாவிக் காற்றின் ஈரத்தில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருந்தால் பிளேயருக்குள் போடாதீர்கள். அடுத்துப் போடும் நல்ல கசட்டிலும் அது ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள்.