பயிர்ச்செய்கைக் கடனும் அரசாங்கப் பிணையும்

விதைப்புக்கு முன்னரே பணம் வேண்டும். நெல் களத்துக்கு வந்த பின்னரே பணம் கையில் சேரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நான்கைந்து மாதங்களே கமக்காரருக்குத் தொல்லை தருவன. உழவுகூலி, விதைநெல், பசளை, களைநாசினி யாவும் அக்காலத்துச் செலவுகளாம்.

இதன்பொருட்டு நெல் முதலாளியை நாடுவோர் பலர். அவர் பத்திரம் கேட்பதில்லை, வட்டியும் கேட்பதில்லை. விளைந்த நெல்லைத் தாம் சொல்லும் விலைக்குத் தமக்கே தரவேண்டும் என்பார். ஒருவர் 50,000 ரூபா பெற்று, ஐந்து மாதங்களின் பின் 2,000 கிலோ நெல்லைச் சந்தை விலையிலும் கிலோவுக்கு 5 ரூபா குறைவாகக் கொடுக்கின்றார் என வைத்துக்கொள்வோம். கடனைத் திருப்பியதோடு 10,000 ரூபாவும் போயிற்று. ஆண்டுக்கணக்கிற் பார்த்தால் இது நூற்றுக்கு 48 வீத வட்டி. இதற்குத்தான் வட்டியில்லாக் கடன் என்று பெயர்!

இந்நிலையை மாற்றவே அரசாங்கம் கடன் திட்டங்களை ஏற்படுத்தியது. 1961இல் மக்கள் வங்கி நிறுவப்பட்டது. 1964 முதல் கூட்டுறவுச் சங்கங்களில் கிராமிய வங்கிகள் தோன்றின. 1967இல் புதிய விவசாயக் கடன் திட்டமும், 1986இல் புதிய விரிவான கிராமியக் கடன் திட்டமும் வந்தன. இவற்றில் மத்திய வங்கி பிணைநின்று, அறவிடமுடியாத கடனில் ஒரு பங்கைத் தான் ஏற்பதாக வங்கிகளுக்கு உறுதியளித்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாக அறிதல் வேண்டும். அப்பிணை வங்கிக்கு அளிக்கப்பட்டதேயன்றி உங்களுக்கு அன்று. “அரசாங்கப் பணந்தானே, பிறகு தள்ளிவிடுவார்கள்” என்று வயல்வரம்பில் நின்று சொல்வோரை நான் அடிக்கடி காண்கின்றேன். 1977/78 பெரும்போகத்திற் கடன் மிகத் தாராளமாக வழங்கப்பட்டது. திரும்பி வந்ததோ சிறுபகுதி. விளைவு யாது? அடுத்த போகங்களில் வங்கிகள் கையை இறுக்கிக்கொண்டன. ஒழுங்காகச் செலுத்தியவரும் மீண்டும் முதலாளியிடம் செல்ல நேர்ந்தது.

இக்காலத்தில் தவறியவரின் பெயர் அவ்வங்கியோடு நின்றுவிடுவதில்லை. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கடன் தகவல் பணியகத்தின் வாயிலாக ஏனைய வங்கிகளும் அதனை அறியும். பிணை வைத்தவருக்கும் இது பொருந்தும். அயலவர்மீது கொண்ட முகத்தாட்சணியத்தால் ஒப்பமிடுவோர் இதனை மறவாதிருப்பாராக.

கடன் பெற எண்ணுவோர் விதைப்புக்கு ஒரு மாதத்துக்கு முன்னரேனும் கமநல சேவை நிலையத்தையும் வங்கியையும் அணுகுக. காணி உறுதி அல்லது குத்தகைப் பத்திரம், அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்க. வட்டி வீதம், தவணை முடியும் நாள், தவணை தப்பினால் வட்டி எவ்வளவு உயரும் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்க. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

ஏக்கருக்கு ஆகும் செலவைத் தாளில் எழுதி, கையிருப்பைக் கழித்து, மிகுதியை மட்டுமே கேளுங்கள். வெங்காயம், மிளகாய் செய்வோர் சென்ற ஆண்டின் உயர்ந்த விலையை நம்பிக் கணக்கிடலாகாது. எல்லாரும் ஒருங்கே கிண்டி எடுக்கும் வாரத்து விலையையே கொள்க. பயிர்க் காப்புறுதியையும் விதைத்தவுடனேயே செய்துகொள்க.

வெள்ளத்தாலோ வரட்சியாலோ பயிர் அழியுமாயின், தவணை நாள்வரை ஒளிந்திராது, அழிவு கண்ணுக்குத் தெரியும்போதே கமநல அலுவலருக்கும் வங்கிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். வயலைப் பார்வையிட்டு எழுதப்படும் அறிக்கை இருந்தால், தவணையை நீடிக்குமாறு வங்கியைக் கேட்பது எளிதாகும். நீர் வடிந்து வயல் காய்ந்த பின்னர் அவ்வறிக்கையைப் பெறுதல் அரிது.