பி.டி. பருத்தியை வயலில் விடுமுன் எதையெல்லாம் சோதிக்கிறார்கள்? ஏன்?

ராஜபாளையம் நூற்பாலை ஊர். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பி.டி. பருத்தி இங்கே புதிய பேச்சல்ல.

மண்ணில் வாழும் பி.டி. என்ற பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் செடியைத் தின்னும் காய்ப்புழு அதிலுள்ள நஞ்சால் செத்துவிடும். 2002-இல் மத்திய அரசு அனுமதித்தது. அதற்குமுன் ஏன் ஆண்டுக்கணக்கில் சோதனை?

பாலில் உறைமோர் விடுகிறீர்கள். ஒரு கரண்டிதான், விடிவதற்குள் பானை முழுக்கத் தயிர். மறுபடி பாலாக்க முடியுமா? உயிருள்ளது தானாகவே பெருகும். அதனால்தான் முதலில் சின்னக் கிண்ணத்தில் விட்டுப் பார்ப்பதுபோல, சிறு வயலில் சோதனை.

முதல் கேள்வி: மகரந்தம் எவ்வளவு தூரம் போகும்? பருத்தி மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் அதிகம் பறக்காது, தேனீதான் சுமக்கும். எனவே பல தூரங்களில் உள்ள சாதாரணப் பருத்திச் செடிகளின் விதை எடுத்து, புதிய மரபணு அதில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

இரண்டாவது: புழுவைக் கொல்லும் அந்த நஞ்சு தேனீயையும் பொறிவண்டையும் மண்புழுவையும் பாதிக்குமா?

மூன்றாவது: புழு பழகிவிட்டால்? இதற்காகத்தான் வயலோரம் சாதாரணப் பருத்தியும் நடச் சொன்னார்கள். அங்கே பிழைக்கும் சாதாரணப் பூச்சிகள், நஞ்சுக்குத் தப்பியவற்றோடு இணைசேரும். அடுத்த தலைமுறைப் புழுக்களில் எதிர்ப்புச் சக்தி குறையும்.

பல வயல்களில் அந்தச் சாதாரணப் பருத்தியை நடவே இல்லை. 2010-இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு, 2002-இல் அனுமதித்த முதல் வகை பி.டி.க்குப் பழகிவிட்டது வெளிப்பட்டது.

கவனித்தீர்களா? அனுமதி கிடைத்ததோடு சோதனை முடிவதில்லை. விதைத்த பிறகும் ஒவ்வொரு பருவமும் வயலைக் கண்காணித்தே ஆக வேண்டும்.