விளக்கு அணைந்த பிறகு வாருங்கள்!

சத்தமில்லாமல் உள்ளே வாருங்கள். விளக்கை மட்டும் போட்டுவிடாதீர்கள்! காரிமங்கலத்தில் மணி பத்தைத் தாண்டிவிட்டது. பெங்களூரு சாலையில் லாரி ஓடும் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. முன்னறையில் இருக்கும் கடல்தொட்டியின் நீல விளக்கு அணைந்து ரொம்ப நேரம் ஆகிறது. ஆட்டம் இனிமேல்தான். இந்தாருங்கள் டார்ச், முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருக்கிறேன். உள்ளே இருக்கும் ஜீவன்களில் பலவற்றின் கண்ணுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தட்டுப்படாது. அவற்றுக்கு நாம் தெரியமாட்டோம், நமக்கு அவை தெரியும்!

கல்லின் அடிப்பக்கம் காட்டுங்கள். அதோ, பொந்திலிருந்து மெல்லிய கை ஒன்று நீண்டு மணலைத் துழாவுகிறதே, அது பாம்பு நட்சத்திரம். பக்கத்தில் குபுகுபுவென்று ஓடுபவை அரிசி அளவுகூட இல்லாத இறால் வகைப் பூச்சிகள். இந்தப் பக்கம் இளஞ்சிவப்பு உடம்பும் இரு ஓரமும் வெள்ளை மயிருமாக ஒரு புழு நெளிகிறது. விரலை வைத்துவிடாதீர்கள், மயிர் தோலில் தைத்துக்கொள்ளும். ஆனால் அது நல்ல பிள்ளை. மீன் விட்ட தீனியை, செத்துப்போனதைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கிறது. பகலில் வருகிறவர்கள் முன்கண்ணாடி வழியாகப் பார்த்து, 'என்ன கலரு, என்ன கலரு' என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போகிறார்கள். அவர்கள் பாதி ஆட்டத்தைக்கூடப் பார்க்கவில்லை என்று எனக்கு அங்கலாய்ப்பாக இருக்கும்.

நான் இந்த நேரத்தில் டார்ச்சோடு உட்கார்வதற்குக் காரணம் ஒன்றுதான். பவளத்தைத் தின்பவர்களில் பலர் இருட்டில்தான் வெளியே வருவார்கள்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற சாட்சி ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் நியூகி என்ற கடலோர ஊர். அங்கே புளூ ரீஃப் அக்வேரியம் என்ற காட்சியகம். 2009-இல் அங்கே ஒரு தொட்டியில் பவளங்கள் கடிபட்டும் வெட்டுப்பட்டும் கிடந்தன; டாங் வகை மீன் ஒன்றும் அடிபட்டது. ஊழியர்கள் பல மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். இரை வைத்துப் பொறி போட்டால், காலையில் பொறியே பிய்ந்து கிடந்தது! கடைசியில் கல் கல்லாக எடுத்து முழுத் தொட்டியையும் பிரித்தபோது உள்ளே இருந்து வந்தது 4 அடி நீளப் புழு. தூண்டிலில் இழுத்தபோது 20 பவுண்டு தாங்கும் நரம்பைக் கடித்துத் துண்டாக்கியதாம். அதற்கு 'பேரி' என்று பெயர் வைத்தார்கள். கடல் கல்லின் பொந்துக்குள் குட்டியாக ஒளிந்து வந்து, அங்கேயே தின்று கொழுத்திருக்க வேண்டும். நான் மெய்சிலிர்த்துப் போனது அந்த நீளத்தைக் கேட்டு அல்ல. அத்தனை வல்லுநர்கள் தினமும் சுற்றிவரும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், 4 அடி உருவம் யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்திருக்கிறதே!

கடைசியில் பேரி என்ன ஆனது என்கிறீர்களா? கொல்லவில்லை. தனித் தொட்டி கொடுத்து வைத்துக்கொண்டார்கள்.

சரி, நம் தொட்டிக்கு வருவோம். கடலுக்குப் போவதென்றால் பல மணி நேரப் பயணம் என்கிற ஊரில் கடலை உண்டாக்குவதே ஒரு கொண்டாட்டம். ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடல் உப்புக் கலவை. ஆனால் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பது ஊரறிந்தது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. குழாயில் எந்தத் தண்ணீர் வந்தாலும் ஆர்.ஓ. போட்டு, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டி வரும்வரை வடிகட்டிய பிறகுதான் உப்பு. பின்னறையில் டிரம், மோட்டார், குழாய், ஹீட்டர் எல்லாம் சேர்ந்து இரவு முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சத்தம் பழகிவிட்டது.

தொட்டியில் இருப்பவை ஜோவா என்று செல்லமாக அழைக்கப்படும் ஜோவாந்திட்களும் மஷ்ரூம் பவளங்களும். கல்லாக வளரும் கடின பவளம் இங்கே இல்லை, இருக்கவும் கூடாது. 2001 முதல் அவை அத்தனையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை! அடியில் கிடக்கும் கல்லும் கடலில் வெட்டியது அல்ல, வார்த்து எடுத்தது. அப்படியானால் புழுவும் பூச்சியும் எங்கிருந்து வந்தன? வாங்கிய பவளத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தன. சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் கண்ணைப் பறிக்கும் ஒரு ஜோவாத் துண்டு வாங்கினால், விலை கொடுக்காத விருந்தாளிகள் நாலு பேர் கூடவே வருவார்கள்.

அவர்களை வரவேற்கும் இடம் இந்த வெள்ளை பிளாஸ்டிக் பேசின். என்னைக் கேட்டால், இந்த வீட்டிலேயே பரபரப்பான இடம் இதுதான். தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றி, அயோடின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவேன், தண்ணீர் டீ நிறத்துக்கு வரும்வரை. ஜோவாத் துண்டை அதில் இறக்கி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் இடுக்கு இடுக்காகப் பீய்ச்ச வேண்டும். பேசின் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் அப்போது புரியும். முதலில் சில தூசு. பிறகு ஒரு தூசு நடக்கும்! பூதக்கண்ணாடியை எடுத்து வைத்தால், முதுகு முழுக்கக் குஞ்சம் தொங்கும் ஓடில்லாக் கடல் நத்தை. ஜோவாவைத் தவிர வேறெதையும் தொடாது. எந்த நிற ஜோவாவைத் தின்கிறதோ அந்த நிறமே குஞ்சத்தில் ஏறிவிடும். பாதி மூடிய ஜோவாக்களுக்கு நடுவே அது உட்கார்ந்துவிட்டால் உற்றுப் பார்த்தாலும் பிரித்தறிய முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன், அவ்வளவு அழகு! கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக ஓடும் தட்டைச் சுருள் ஓட்டுக்குள் இன்னொரு நத்தை உண்டு. கடையில் பார்த்தால் காசு கொடுத்தே வாங்கிவிடுவோம். அதுவும் ஜோவாவைத் தின்பதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம். பேசினில் கை வைக்கும் முன் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஜோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கிறது. இயற்கையில் கிடைக்கும் கொடிய நஞ்சுகளில் ஒன்று அது. ஜோவா ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றி, எழுந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அந்தக் கல்லைக் கொதிக்க வைக்கவே கூடாது.

கடின பவளம் வளர்க்கும் நாட்டுக்காரர்களின் பேசின் கதைகள் இன்னும் விறுவிறுப்பானவை. அக்ரோபோரா என்னும் கிளைப் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டி வளர்ப்பவர்கள் வருடக்கணக்காக அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அறிவியல் அதற்கு முறையாகப் பெயர் சூட்டியது 2011-இல்தான். கடலில் அது எங்கே வாழ்கிறது என்று கண்டுபிடித்ததோ அதற்கும் பிறகு, ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில். யோசித்துப் பாருங்கள், கடலில் கண்டுபிடிப்பதற்கு முன்பே வீட்டு முன்னறையில் பிடிபட்ட மிருகம்! பவளத்தின் உடம்பில் இருக்கும் பாசித் துணுக்குகளையும் விழுங்கித் தன் உடம்பில் வைத்துக்கொள்வதால் நிறமும் அப்படியே பொருந்திவிடும். அது இருப்பதற்கு அடையாளம் பவளத்தில் வட்ட வட்டமாக விழும் வெளிறிய கடித்தடம் மட்டுமே. அயோடினும் மற்றக் கரைசல்களும் புழுவை உதிர்க்கும், முட்டையை ஒன்றும் செய்யாது. ஆகவே வாரம் தவறாமல் திரும்பத் திரும்ப முக்கி எடுக்க வேண்டும். டவுன்ஸ்வில்லின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடித்தது: ஆறு கோடு போட்ட சின்ன ராஸ் மீன் புழுவைத் தின்கிறது, பெப்பர்மின்ட் இறால் முட்டையைத் தின்கிறது. இரண்டு வேலைக்கு இரண்டு ஆள்.

இன்னொன்று 'சிவப்புப் பூச்சி'. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், மஞ்சள் உடம்பில் ஒரு சிவப்புப் பொட்டு. இதற்கு வளர்ப்பவர்கள் கண்டுபிடித்த மருந்து, நாய்க்கு இதயப்புழு வராமல் இருக்கக் கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மாத்திரை! பூச்சி மடிகிறது, ஆனால் தொட்டியில் இருக்கும் இறாலும் நண்டும் சேர்ந்தே மடியும். அவற்றை முதலில் வேறு தொட்டிக்கு மாற்றியாக வேண்டும். நண்டு என்றதும் எல்லாம் பகை என்று பிடுங்கி எறிபவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. டிரபீசியா என்ற சின்ன நண்டு பவளக் கிளைக்குள்ளேயே குடியிருந்து, முள்முடி நட்சத்திரமீன் தின்ன வந்தால் அதன் காலைக் கிள்ளி விரட்டும். வீட்டுக் காவலனையே வெளியே போடலாமா? பூதக்கண்ணாடியில் ஆள் யாரென்று தெரிந்துகொள்ளாமல் மருந்து பாட்டிலைத் தொடக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

பூச்சியே இல்லாமலும் பவளம் உரியும். காலையில் நன்றாக இருந்த கிளையிலிருந்து மாலைக்குள் சதை கந்தலாக உதிர்ந்து, வெள்ளை எலும்பு மட்டும் நிற்கும். தண்ணீரின் காரத்தன்மை திடீரென்று ஏறி இறங்கியதா, சூடா, பாக்டீரியாவா என்று கடைசிவரை பிடிபடாமலே போவதும் உண்டு. அந்த நேரத்தில் ஆராய்ச்சிக்கு இடமில்லை. உரியும் ஓரத்தைவிட்டுத் தள்ளி, நல்ல சதை உள்ள நுனிகளை வெட்டி எடுத்து வேறு தண்ணீரில் ஒட்டி வைக்கிறார்கள். தாய்க்கிளை போனாலும் நுனி பிழைக்கும்.

இதையே நாடளவில் செய்தது அமெரிக்கா. 2014-இல் மயாமி அருகே பவளச் சதையை உரிக்கும் ஒரு நோய் கிளம்பியது. இருபதுக்கும் மேற்பட்ட இனங்களைத் தாக்கி, சில ஆண்டுகளில் புளோரிடாவின் பவளத்திட்டு முழுக்கப் பரவிவிட்டது. முக்குளிப்பவர்கள் கடலுக்கடியில் போய், அமாக்சிசிலின் கலந்த பசையைப் புண்ணின் ஓரத்தில் அப்பினார்கள். ஆமாம், நம் மருந்துக்கடையில் கிடைக்கும் அதே அமாக்சிசிலின்தான்! பசை அந்தப் புண்ணை நிறுத்தியது, புதுப் புண் வராமல் தடுக்கவில்லை. (வீட்டுத் தொட்டியில் ஆன்டிபயாடிக்கைக் கொட்டும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், தண்ணீரைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும்.) ஆகவே நோய் எட்டும் முன்பே நல்ல பவளங்களை எடுத்து, நாடு முழுக்க உள்ள காட்சியகங்களுக்கு அனுப்பிவைத்தார்கள். எங்கெல்லாம் தெரியுமா? கடலே கண்ணில் படாத நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா உயிரியல் பூங்காவுக்குக்கூட! மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே கரீபியப் பவளம். இதைப் படித்த அன்று காரிமங்கலத்துத் தெருவில் நான் துள்ளிக் குதிக்காத குறை. அதோடு நிற்கவில்லை. 2019 ஆகஸ்டில் புளோரிடா அக்வேரியத்தின் ஆய்வகத்தில் தூண் பவளங்கள் முட்டையும் விந்தும் பொழிந்தன. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகம் வகுத்துக்கொடுத்த முறைப்படி, விளக்கிலேயே சூரியனையும் நிலாவையும் உதிக்க வைத்து, பவளத்துக்கு நாள் நட்சத்திரம் காட்டி ஏமாற்றியிருந்தார்கள்!

நம் கடலில் இந்த வேலைக்குக் கண்ணாடியே கிடையாது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பார்கள் இருக்கின்றன. அங்கே 2002 முதல் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பவளத் துண்டுகளைச் சட்டகங்களில் கட்டி, கடலடியில் நட்டு வளர்க்கிறார்கள். கடல் சூடேறிய 2016-இல் மட்டும் அங்கே உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23-க்கு இறங்கியது. பிறகும் கட்டுகிறார்கள்.

தொட்டிக்காரர்களின் தீராத தலைவலி ஐப்டேசியா என்ற பழுப்புக் கடல் சாமந்தி. பிடுங்கும்போது கல்லில் துணுக்குச் சதை ஒட்டியிருந்தால் போதும், அதிலிருந்து முழு உருவம் முளைத்துவிடும். மன்னார் வளைகுடாவுக்கும் அப்படி ஒன்று வாய்த்திருக்கிறது. கப்பாபைகஸ் என்ற பாசி. ராமநாதபுரம் பக்கம் 'பெப்சி பாசி' என்பார்கள். பிழைப்புக்காகக் கரையோரத்தில் வளர்த்த இந்தப் பாசி, குருசடைத் தீவின் கிளைப் பவளங்கள்மேல் ஏறிப் படர்ந்துவிட்டதை 2008-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். பவளத்தின்மேல் பாய் விரித்ததுபோல் மூடி, வெளிச்சம் படாமல் அடித்துவிடும். இதற்கு அயோடினும் இல்லை, மாத்திரையும் இல்லை. வனத்துறையின் ஆட்கள் கடலில் இறங்கிக் கையால்தான் பறிக்கிறார்கள். வேகமாக இழுத்தால் பவளக் கிளையும் சேர்ந்து முறியும். மெதுவாக எடுத்தாலும் பாசி துண்டாகி, அந்தத் துண்டு மறுபடி வளரும். ஆகவே ஒவ்வொரு இழையாகப் பிரித்து எடுத்து, பையில் அடைத்துக் கரைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். சில மாதம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பவும் போய், மறுபடி முளைத்ததைப் பறிக்க வேண்டும்.