தேத்தண்ணிக்கு ஒரு மணி நேரம் பொறுங்கள்

கண்டி நகரத்துக் கடைகளிலும் சரி, ஹந்தானை, கலஹா, புசல்லாவைப் பக்கத்து லயங்களிலும் சரி, தலைவலிக்கும் தேத்தண்ணி, களைப்புக்கும் தேத்தண்ணி, பசிக்கும் தேத்தண்ணி. முதல் இரண்டையும் மருத்துவம் ஓரளவு ஒப்புக்கொள்ளும். மூன்றாவதில்தான் சிக்கல். தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அன்று தொட்டு ஊருலகத்துக்கெல்லாம் கொழுந்து பறித்துக் கொடுத்தவர்களின் உடம்பை விட்டுவிட்டுத் தேயிலையின் நன்மையை மட்டும் பேசுவது சரியாகாது.

சாயத்துக்குள் என்ன இருக்கிறது?

பச்சைக் கொழுந்தில் கெட்டகின் என்ற பொருட்கள் நிறைய உண்டு. ஃபேக்டரியில் கொழுந்தை வாட்டி, அரைத்து, காற்றுப்பட விடும்போது அவற்றில் பெரும்பகுதி தியாஃபிளாவின், தியாருபிஜின் என்பவையாக மாறுகிறது. கோப்பையில் நாம் பார்க்கும் செந்நிறம் அவற்றுடையது. மாறுவதற்கு முன்னும் பின்னும் இவை பொலிஃபினோல் குடும்பம்தான். ஆகவே ‘கிரீன் டீ மருந்து, நம்முடைய கறுப்புத் தேயிலை வெறும் சாயம்’ என்ற நினைப்புக்கு ஆதாரம் போதாது. விலை கூடியதெல்லாம் மருந்து என்று நம்புவது நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டது.

பெரிய கோப்பை ஒன்றில் சுமார் 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். அதே அளவு கோப்பியில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. கூடவே தியனீன் என்ற அமினோ அமிலமும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து கவனத்தைக் கூர்மையாக்குவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன.

நன்மையின் அளவு

2022 இல் வெளியான ஓர் ஆய்வு, பிரித்தானியாவில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அங்கே பெரும்பாலோர் குடிப்பது கறுப்புத் தேயிலைதான். நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் இறப்பு அபாயம் 9 முதல் 13 சதவீதம் வரை குறைவாக இருந்தது. ஆனால் தேநீர்தான் அவர்களைக் காப்பாற்றியது என்று இந்த வகை ஆய்வால் நிறுவ முடியாது. தேநீர் குடிப்பவர்களின் மற்றப் பழக்கங்களும் காரணமாக இருக்கலாம்.

அவுஸ்திரேலியாவில் 2012 இல் வெளியான சோதனை இன்னும் நேரடியானது. நாளுக்கு மூன்று கோப்பை வீதம் ஆறு மாதம் குடித்தவர்களின் இரத்த அழுத்தம் 2 முதல் 3 புள்ளி வரை இறங்கியது. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட இது போதாது. ஒரு பழக்கத்தால் கிடைக்கும் பலன் என்று பார்த்தால் மோசமில்லை. பால் சேர்த்தால் இந்தப் பலன் கெடுமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை.

ரொட்டியும் தேத்தண்ணியும்

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். தேயிலையின் அதே பொலிஃபினோல்கள், தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தைக் குடலில் பிடித்துக்கொண்டு, இரத்தத்தில் சேரவிடாமல் செய்கின்றன. 1983 இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில், சாப்பாட்டோடு குடித்த தேநீர் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதை 64 சதவீதம் குறைத்தது. கோப்பி குறைத்தது 39 சதவீதம்.

இறைச்சியும் மீனும் தாராளமாக உண்பவருக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை. விடிகாலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் தின்று, ஒரு பெரிய கோப்பைச் சாயத்தைக் குடித்துவிட்டு மலை ஏறும் பெண்ணின் நிலை வேறு. மாதவிடாய், பிள்ளைப்பேறு, குறைந்த சாப்பாடு என்று ஏற்கெனவே இரும்புச்சத்தை இழந்து நிற்பவர் அவர். மூச்சிரைப்பு, தலைச்சுற்று, வெளிறிய கண் இமை இருந்தால், ‘உடம்புக்கு முடியவில்லை’ என்று இன்னொரு தேத்தண்ணி குடிப்பதை விட்டு, ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

பரிகாரம் செலவில்லாதது. தேத்தண்ணியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். அப்படித் தள்ளிக் குடித்தபோது தடை ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2017 இல் பிரித்தானிய ஆய்வொன்று கண்டது. சம்பலில் தேசிக்காய்ப் புளி தாராளமாக விடுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை உள்ளே சேர்க்க உதவும். வாரத்தில் சில நாள் நெத்தலிக் கருவாடும், முருங்கையிலை அல்லது பொன்னாங்காணியும் சேரட்டும். கொழுந்து பறிக்கும்போது நடுவில் குடிக்கும் தேத்தண்ணியில் குறை ஒன்றும் இல்லை. அதுவும் உடம்புக்கு நீர்தான்.

பிள்ளைகள் விடயத்தில் இதைவிடக் கண்டிப்பு வேண்டும். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் சுமார் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது சுமார் 32 சதவீதம். இதற்குத் தேத்தண்ணியைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. வறுமை, தாயின் போஷாக்கு, சுகாதார வசதி என்று காரணங்கள் பல. ஆனால் பசித்து அழும் பிள்ளைக்குச் சீனி போட்ட சாயத்தைக் கொடுத்துப் பசியை அடக்கும்போது, ஒரு வேளை உணவும் போகிறது, சாப்பிட்டதில் இருக்கும் இரும்பும் போகிறது. சின்னப் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி வேண்டவே வேண்டாம்.

சீனியும் சூடும்

ஒரு தேக்கரண்டிச் சீனி சுமார் 4 கிராம். கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு நான்கு கோப்பை என்றால் 32 கிராம். நாளுக்கு 25 கிராமுக்குள் நிற்பது மேலும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேத்தண்ணியிலேயே அந்தக் கணக்கு தாண்டிவிட்டது. பணிஸ் இன்னும் வாய்க்குப் போகவில்லை. கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கும் வழக்கம் அழகானது. ஆனால் கருப்பட்டியும் இனிப்புத்தான். நீரிழிவுக்காரருக்கு அதில் விசேட சலுகை இல்லை.

65 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்க எதைக் குடித்தாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அது காரணமாகக்கூடும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016 இல் வகைப்படுத்தியது. மலைக்குளிரில் அடுப்பிலிருந்து இறக்கியதும் உறிஞ்சத்தான் தோன்றும். சில நிமிடம் ஆற விடுங்கள். வெற்றிலை, புகையிலைப் பழக்கமும் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், ஏனெனில் அவையும் அதே குழாயைத்தான் தாக்குகின்றன.

மாத்திரையும் தேத்தண்ணியும்

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் அதன் பலனில் ஒரு பங்கு வீணாகும். தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்ச் சாற்றோடு விழுங்குங்கள். கர்ப்ப காலத்தில் கஃபீன் நாளுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டாமலிருக்கச் சொல்கிறார்கள். சாயம் கடுமையாக இருந்தால் மூன்று கோப்பையோடு நிறுத்திக்கொள்ளலாம். தைரொக்ஸின் மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே தேத்தண்ணிக்குப் போக வேண்டும்.

உடல் மெலிவதற்கென்று விற்கும் கிரீன் டீ சாற்று மாத்திரைகள் வேறு கதை. நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஈஜிசிஜி என்ற கெட்டகின் மாத்திரையாக உள்ளே போனால் ஈரல் பாதிக்கப்படும் அறிகுறிகள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 இல் எச்சரித்தது. வழக்கமான முறையில் வடித்துக் குடிக்கும் கிரீன் டீயைப் பொதுவாகப் பாதுகாப்பானதென்றே அது கருதியது.