குளவியும் கண்ணாடியும்

வண்டியோட்டும் சாரதி பின்னால் வருவதை அறிதற்குச் சிறு கண்ணாடியொன்றை நோக்குதல் இன்று எவரும் வியவாத செயல். ஆனால், 1911ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் இந்தியனாபொலிஸ் நகரில் நடைபெற்ற முதலாவது ஐந்நூறு மைல் மோட்டார்ப் பந்தயத்திலே அது பெரியதொரு வழக்கைத் தீர்க்கவந்த புதுமையாய் இருந்தது.

அக்காலப் பந்தய வண்டிகளிற் சாரதியின் அருகே கம்மியர் ஒருவரும் அமர்ந்து செல்வர். எண்ணெயைக் கைப்பம்பியாற் செலுத்துதல், சில்லுகளின் றப்பர் தேய்வதை நோக்குதல், பின்வரும் வண்டிகளைச் சாரதிக்கு உணர்த்துதல் என்பன அவர்தம் தொழில். பற்றிக்கொள்ளச் சுக்கானும் இல்லாத அவர் விபத்திலே தூக்கியெறியப்படுதல் எளிது. 1909 ஆகஸ்டில் அதே ஓடுகளத்தில் நடந்த பந்தயங்களில் மாண்ட ஐவருள் இருவர் கம்மியரே. கல்லுந் தாருமிட்ட தரை பெயர்ந்தமையைக் கண்ட உரிமையாளர், பின்னர் ஏறத்தாழ 32 இலட்சம் செங்கற்களைப் பதித்தனர்.

றே ஹரூன் என்பார் சாரதி மட்டுமல்லர். மார்மன் கம்பனியின் பொறியியலாளருமாவர். அவரது மஞ்சள் வண்டி, கூரிய வாலுடைமையாற் 'குளவி' எனப்பட்டது. அதில் ஓர் இருக்கையே உண்டு. எடை குறையும், காற்றின் தடையுங் குறையும். பின்னே பார்ப்பாரில்லா வண்டியால் யாவர்க்கும் ஆபத்து என ஏனைய சாரதிகள் முறையிட்டனர். அது பொறாமையாற் பிறந்த சொல்லென நாம் தள்ளிவிடுதல் தகாது. ஹரூன் தம் முன்னே கண்ணாடியொன்றைப் பொருத்தி அவர்க்கு விடையளித்தார். முன்னர்ச் சிக்காகோவிலே குதிரைவண்டியொன்றிற் கண்டதே அவ்வுபாயமென்று பிற்காலத்திற் கூறினார். செங்கற்றரையின் அதிர்விலே கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை என்றுங் கூறினார்!

நாற்பது வண்டிகள் புறப்பட்டன. பிறர் விரைந்து றப்பரைத் தேய்க்க, ஹரூன் வேகத்தை அளந்து ஓட்டினார். இடையிற் சிறிது நேரம் சைறஸ் பற்ஸ்கி அவர்க்குப் பதிலாக ஓட்டினார். 6 மணி 42 நிமிடத்தில், மணிக்கு 74.6 மைல் வேகத்தில் வெற்றி கிட்டியது. அன்று மாண்டவர் ஒருவர். சாம் டிக்சன் என்னும் கம்மியர். ஒற்றையிருக்கைக்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

ஆயினும், 1912இற் கம்மியர் கட்டாயமாக்கப்பட்டனர். 1922 வரை நிலைத்த அவ்விதி, 1930இல் மீண்டு 1937 வரை நின்றது. அந்த 1912இலே றால்வ் டி பால்மா தம் மேர்சிடிஸ் வண்டியில் 200 சுற்றுக்களுள் 196இல் முன்னணியில் நின்றார். முடிவுக்கு இரு சுற்றுக்கூட இல்லாத நிலையிற் பொறியின் இணைப்புத்தண்டு முறிந்தது. ஜோ டோசன் வென்றார். டி பால்மாவும் அவர்தம் கம்மியர் றூபேட் ஜெவ்கின்சும் இறங்கி, நின்ற வண்டியைத் தோள்கொடுத்துத் தள்ளிவரக் கண்ட கூட்டம் எழுந்து ஆரவாரித்தது.